14 மணிநேர இரவுக்கு ஒரு டிரெய்லர்: குளிர்காலப் பாலைவனப் பயணத்துக்கான வேலைகள்

தெற்குக் கலிஃபோர்னியா, அரிசோனா பாலைவனத்துக்குக் குளிர்காலத்தில் டிரெய்லர் (கட்டில், சமையலறை எல்லாம் உள்ள சக்கர வீடு) இழுத்துக்கொண்டு போவதென்றால், எந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்பதெல்லாம் அப்புறம். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் சுமார் 10 மணிநேரம்தான். மீதி 14 மணிநேரம் இருட்டு. காற்றில் ஈரம் கிடையாது, பெரும்பாலும் மேகமும் கிடையாது. தரை பகலில் வாங்கிய சூடெல்லாம் பொழுது சாய்ந்ததும் மேலே போய்விடும். மத்தியானம் சட்டையோடு உட்கார்ந்திருந்த இடத்தில் விடியற்காலை கம்பளி இல்லாமல் நிற்க முடியாது. அந்த இரவை வண்டி தாங்குமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் முடிவு செய்யவேண்டும் என்பது என் கட்சி.

இந்தத் தடவை ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் எங்களோடு வருகிறார். “பாலைவனம்னா வெயில்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு வேலை?” என்று கேட்டார். எழுபது தாண்டியவர், தூக்கத்தில் மூச்சு தடைப்படாமல் காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷின் போட்டுக்கொண்டு தூங்குகிறவர், ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பவர். அவருக்காகவே ஒவ்வொரு வேலையையும் அளந்து பார்த்துச் செய்தேன். வண்டி 24 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர், இழுப்பது பிக்கப் ட்ரக்.

முதலில் வழி. ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் மைல் எழுதுவதற்குப் பதிலாக உயரத்தை எழுதினேன். ஆயிரம் அடி ஏறினால் தோராயமாக 2 டிகிரி செல்சியஸ் குறையும். யூமாவும் ஃபிளாக்ஸ்டாஃபும் ஒரே மாநிலம்தான். ஆனால் யூமா 140 அடியில் இருக்கிறது, ஜனவரி இரவு சராசரியாக 8 டிகிரி. ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 6,900 அடி, அதே ஜனவரியில் இரவு சராசரி உறைநிலைக்கு 8 டிகிரி கீழே. இந்த ஒரு ஜோடியைப் பார்த்தாலே திட்டம் பாதி முடிந்துவிடும்.

அதனால் டிசம்பர், ஜனவரி முழுக்கத் தாழ்வான இடங்கள்தான். பொரேகோ ஸ்பிரிங்ஸ் 600 அடி. குவார்ட்ஸைட் 900 அடிக்குள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஆர்கன் பைப் கேக்டஸ் தேசிய நினைவிடத்தின் ட்வின் பீக்ஸ் முகாம் 1,700 அடிக்குள். டூசான் 2,400 அடி. ஜோஷுவா ட்ரீயின் ஜம்போ ராக்ஸ் முகாம் 4,400 அடி, நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் சுமார் 4,000 அடி. இரண்டையும் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஒயிட் சாண்ட்ஸ் பூங்காவுக்குள் டிரெய்லரோடு தங்க இடமும் கிடையாது, வெளியேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டெத் வேலி வேண்டாமென்று முடிவு செய்தேன். ஃபர்னஸ் க்ரீக் கடல்மட்டத்துக்குக் கீழே 190 அடியில் இருப்பதால் குளிர்காலத்துக்கு அருமையான இடம்தான். ஆனால் மேற்கிலிருந்து போனால் 5,000 அடியைத் தொடும் டவுன் பாஸில் ஏறி, செங்குத்தாக இறங்கவேண்டும். பிரேக் சூடேறிப்போகும் அந்த இறக்கத்தில் இவ்வளவு சுமையை இழுத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

கிராண்ட் கேன்யனை அப்பாவுக்குக் காட்டியே ஆகவேண்டும். வடக்கு விளிம்பு குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தெற்கு விளிம்பு வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் அது 7,000 அடி. அதனால் டிரெய்லரைக் காட்டன்வுட் ஊரில், 3,300 அடியில், கரண்ட் இணைப்புள்ள டெட் ஹார்ஸ் ராஞ்ச் மாநிலப் பூங்காவில் விட்டுவிட்டு, சாலை காய்ந்திருக்கும் ஒரு நாள் பார்த்து ட்ரக்கில் மட்டும் போய்வருவது என்று வைத்திருக்கிறேன்.

பயணத்தின் நடுமையம் குவார்ட்ஸைட். பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை, ஊருக்குத் தெற்கே லா போசா என்ற நெடுநாள் தங்குமிடத்தை நடத்துகிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பருவம். பல ஆண்டுகளாகப் பருவம் முழுவதற்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று இருந்துவந்த கட்டணம். போகிறவர்கள் நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள மற்ற பொது நிலங்களில் சும்மாவே தங்கலாம், பொதுவாக 14 நாள் வரம்பு. நான் காசு கொடுத்து லா போசாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் இடமும் இருக்கின்றன. ஊர்க் கல்லறையில் ஹாஜி அலி என்பவரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்துக்கு ஒட்டகங்களை இறக்கியபோது கூட வந்த ஒட்டகக்காரர், 1902இல் இறந்தார். கல் பிரமிடு, அதன் உச்சியில் ஒரு ஒட்டகம். அப்பா இதைக் கேட்டதிலிருந்து, முதலில் அங்கேதான் போகவேண்டும் என்கிறார்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். அதிக நேரம் பிடித்த வேலை இதுதான்.

வண்டிக்குள் சூடேற்றுவது கேஸில் எரியும் ஃபர்னஸ் என்றாலும் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடும். வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 7 ஆம்பியர், அதாவது 85 வாட் அளவில். ஆனால் ராத்திரி முழுக்க அது ஓடுவதில்லை, விட்டுவிட்டுத்தான் ஓடும். எவ்வளவு நேரம் என்பதை ஊகிக்காமல் அளக்கவேண்டும் என்று, விசிறி மோட்டாரின் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே ஒரு சின்ன ஹவர் மீட்டரைக் கட்டினேன். மோட்டாருக்குக் கரண்ட் வரும்போது மட்டும் அதில் மணி ஏறும். மலிவான சாமான், பழைய டிராக்டர், ஜெனரேட்டரில் எல்லாம் இருப்பதுதான். நவம்பரில் மலைப்பக்கம் ஒரு முகாமில் தங்கிச் சோதித்தோம். வெளியே உறைநிலைக்குச் சற்றுக் கீழே, உள்ளே 18 டிகிரி. சாயங்காலத்திலிருந்து காலைவரை 14 மணிநேரத்தில் விசிறி ஓடியது ஐந்தரை மணிநேரம். ஆக, சுமார் 470 வாட்-மணி.

அப்பாவின் சிபேப் மெஷினுக்கு ஒரு இரவுக்கு 300 வாட்-மணி ஒதுக்கினேன். அதை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ராத்திரி முழுக்கத் தின்னும். அதனால் அந்த மெஷினுக்கென்றே விற்கும் டி.சி. அடாப்டரை வாங்கி, அவர் கட்டில் பக்கத்தில் 12 வோல்ட் பாயின்ட் ஒன்று இழுத்துக் கொடுத்தேன். மெஷினில் இருக்கும் ஈரப்பத ஹீட்டர்தான் கரண்டை இழுப்பது. பாலைவனத்தில் மூக்கு வறளும் என்பதால் முழுக்க அணைக்காமல் குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். விளக்கு, தண்ணீர் மோட்டார், போன், லேப்டாப், காலையில் சட்னிக்கு மிக்ஸி எல்லாம் சேர்த்தால் இன்னொரு 400. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவதால் பெரிய செலவில்லை. மொத்தம் ஒரு நாளைக்கு 1,200 வாட்-மணி என்று முடித்தேன்.

வரவு? கூரையில் 200 வாட் சோலார் பேனல் இரண்டு, படுக்கையாகப் பதித்திருக்கிறது. குவார்ட்ஸைட் வடக்கு அட்சரேகை 33.7இல் இருப்பதால் டிசம்பர் 21 நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே 33 டிகிரி உயரம்தான் வரும். படுத்துக் கிடக்கும் பேனலின் மேல் வெயில் சாய்வாகச் சறுக்கிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தில் டிசம்பரில் படுக்கையான பரப்புக்குக் கிடைப்பது, முழு வெயில் கணக்கில் நாளுக்குச் சுமார் 3 மணிநேரம். தெற்குப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் 5 மணிநேரத்தைத் தாண்டும். வயர், சூடு, தூசி என்று கால்பங்கு கழித்துப் பார்த்தால் படுக்கையில் 900 வாட்-மணி, நிமிர்த்தினால் 1,500க்கு மேல். செலவு 1,200. பேனலை நிமிர்த்தாவிட்டால் ஒவ்வொரு நாளும் பற்றாக்குறை, நிமிர்த்தினால் மிச்சம். புதுப் பேனல் வாங்கத் தேவையே இல்லை, கால் கொடுத்தால் போதும்.

அந்தக் கால்களை ஒரு அங்குல அலுமினிய எல்-ஆங்கிளில் நானே செய்தேன். பேனலின் அகலம் 66 செ.மீ. 50 டிகிரிக்கு நிமிர்த்த மேல்விளிம்பு 51 செ.மீ. உயரவேண்டும், எதிர்ப்பக்கக் கிளிப்பிலிருந்து கால் சாய்வாக நிற்பதால் துளைக்குத் துளை 56 செ.மீ. வைத்து நான்கு கால்கள். முனைகளை அரத்தால் உருட்டிவிட்டேன், இல்லாவிட்டால் கூரையின் ரப்பர் விரிப்பைக் கிழித்துவிடும். கூரையில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. பேனலைக் கூரையோடு பிடிக்க ஏற்கெனவே இருந்த இசட் கிளிப்புகளில் தெற்குப் பக்கம் வரப்போகும் இரண்டையும் கீல் மாதிரித் திரும்பும்படி லாக் நட்டு போட்டு மாற்றினேன். எதிர்ப்பக்கம் கையாலேயே திருகும் குமிழ் போல்ட். கையுறையோடு திருகிப் பார்த்து, பிடிக்க வசதியான பெரிய குமிழாக மாற்றினேன். காலை ஏழு மணிக் குளிரில் கூரை மேல் நின்று சின்ன நட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பழைய கிளிப்புகளைச் சுற்றி வெயிலில் வெடித்துப்போன சீலன்ட்டையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன்.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பேனல் வண்டியின் நீளவாக்கில் இருப்பதால் பக்கவாட்டில்தான் சாயும். அதனால் டிரெய்லரை எப்போதும் கிழக்கு மேற்காக நிறுத்தவேண்டும். எங்கள் வண்டியில் முகப்புக் கிழக்கே இருந்தால் கதவு தெற்கே வரும். பெரிய ஜன்னலும் அந்தப் பக்கம்தான், பகல் முழுக்க வெயில் உள்ளே விழும். காற்று வலுத்தால் உடனே பேனலை இறக்கிவிடவேண்டும், இறக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. கதவின் உள்பக்கம் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன். பேனல் மேலே இருந்தால் நாடா கைப்பிடியில் இருக்கும்.

பேட்டரி 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இரண்டு, மொத்தம் 2,560 வாட்-மணி. மேகம் மூடினாலும் இரண்டு நாள் சமாளிக்கும். இந்த வகையில் கவனிக்கவேண்டியது: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. கரண்ட் எடுக்கலாம், ஏற்றினால் செல் கெட்டுப்போகும். நல்ல பேட்டரிகளில் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் தானே சார்ஜை நிறுத்திவிடும். ஆனால் அப்படி நின்றால் காலை வெயில் வீணாகும். ஆகவே முன்புறக் கொக்கிக்கு மேல் வெளியே இருந்த பெட்டியிலிருந்து எடுத்து, முன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். பழைய ஈயப் பேட்டரி வாயு விடும், உள்ளே வைக்க முடியாது. இதில் அந்தத் தொல்லை இல்லை. 1,500 வாட் இன்வெர்ட்டருக்கு 53 சதுர மி.மீ. செம்புக் கேபிள், ஒரு மீட்டருக்குள் முடித்தேன். முனைகளை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தினேன், சுத்தியலில் தட்டிய முனை நாளடைவில் சூடாகும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 200 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். தூங்குகிற இடத்துக்கு அடியில் வைக்கிற பொருள், இதில் காசு பார்க்கக் கூடாது.

கேஸ் கணக்கு சுருக்கமானது. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 4,30,000 பி.டி.யூ. (சூட்டை அளக்கும் அலகு) சூடு இருக்கிறது. எங்கள் ஃபர்னஸ் மணிக்கு 25,000. ஐந்தரை மணிநேரம் ஓடினால் 1,40,000 அளவு. அப்படியென்றால் ஒரு சிலிண்டர் மூன்று இரவு, சமையலும் ஃபிரிட்ஜும் சேர்ந்தால் அதற்கும் குறைவு. இரண்டு சிலிண்டருக்கு ஐந்து இரவு என்று வைத்தேன். தாழ்வான இடங்களில் அதைவிட நிறைய நாள் வரும். குவார்ட்ஸைட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று. பழைய ரெகுலேட்டரையும், காலாவதியான கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் மாற்றியாயிற்று.

விசிறியே இல்லாமல் சிவப்பாகக் கனன்று சூடு தரும் சின்ன கேஸ் ஹீட்டர்களைப் பலர் வைத்திருக்கிறார்கள், கரண்ட் மிச்சமாகும் என்று. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஹீட்டரின் புகை வெளியே போகக் குழாய் கிடையாது. 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், அத்தனையும் வீட்டுக்குள்ளேயே நிற்கும். ஜன்னலைத் திறந்துவைக்கவேண்டும், ஆக்சிஜன் பற்றிய கவலை வேறு. மூச்சுக்கு மெஷின் வைத்துத் தூங்கும் ஒருவர் இருக்கும் அறையில் அதற்கு இடமில்லை.

ஈரம் எப்படியும் சேரும். மூன்று பேர் மூச்சு, ரசம் கொதிப்பது எல்லாம் இரவில் குளிர்ந்த சுவரில் போய் ஒட்டும். சோதனை இரவுக்குப் பிறகு அப்பா கட்டிலின் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போக மரச் சட்டங்களை அடித்துக் கொடுத்தேன், சுவரோரம் ஒரு அங்குல ஃபோம் பலகை நிறுத்தினேன். ஜன்னல்களுக்கு வெள்ளிநிறக் குமிழ் விரிப்பை அளவாக வெட்டி வைத்தாயிற்று. கூரைத் திறப்பு 14 அங்குலச் சதுரம், அதற்கென்றே விற்கும் மெத்தை ஒன்றைச் செருகினேன். குளியலறைத் திறப்பை மட்டும் விரல் அகலம் திறந்தே வைக்கிறோம். சூடு கொஞ்சம் போகத்தான் செய்யும், அந்தச் செலவு தேவையானது.

தண்ணீர்ப் பக்கம் முதலில் உறைவது தொட்டி இல்லை, வெளியே தொங்கும் சின்னக் குழாய்களும் வால்வுகளும்தான். அடிப்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ஃபர்னஸின் சூட்டுக்குழாய் தொட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் போகிறது. அதிலிருந்து இரண்டு அங்குலக் கிளை ஒன்றைப் பிரித்துத் தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டேன். ஃபர்னஸ் ஓடும்போதெல்லாம் அங்கேயும் சூடு போகும், தனிக் கரண்ட் செலவில்லை. சோதனை இரவில் வெளியே உறைந்தபோது அடிப்பக்கத் தெர்மாமீட்டர் 6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வடிகுழாய்களுக்கு ஃபோம் உறை போட்டு அலுமினிய டேப் சுற்றினேன். கழிவுத் தொட்டி வால்வுக்கு உள்ளே டிரெய்லர்களுக்கென்றே உள்ள இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் (ஆர்.வி. ஆன்டிஃபிரீஸ்) ஒரு குவளை ஊற்றி வைத்தால் அந்த இடம் உறையாது. ராத்திரி தோட்டக் குழாயைக் கழற்றிவிடவேண்டும், சமையல் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்கவேண்டும்.

நல்ல தண்ணீர் 150 லிட்டர். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் மூன்று நாள். கழிவறையில் தண்ணீர் புழங்கும் நம் வழக்கத்தை யாரும் விடப்போவதில்லை, அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. முதலில் நிரம்புவது பாத்திரம் கழுவும் தண்ணீர்த் தொட்டிதான். எண்ணெய்ப் பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம் என்று மனைவி வீட்டிலேயே பழக்கத்தை ஆரம்பித்துவிட்டாள். 25 லிட்டர் கேன் மூன்று ட்ரக்கில் வரும். முகாமை நகர்த்தாமல் தண்ணீர் கொண்டுவரலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் பூச்சி அதிலும் வாழும். அதனால் பச்சை இலைக்குக் கட்டுப்பாடு உண்டு. அரிசோனாவிலிருந்து திரும்பும்போது பிளைத் அருகே கலிஃபோர்னியாவின் விவசாயச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். பச்சைக் கொத்து எடுத்துப்போகாமல் கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடியோடு கிளம்புகிறோம். ஆரஞ்சுப் பழங்களைத் திரும்பும் முன்பே தின்று தீர்த்துவிடவேண்டும்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். எங்கள் டயர்களின் காடி நன்றாக இருந்தும் வயதைப் பார்த்து நான்கையும் மாற்றினேன். சக்கரம் மாற்றினால் முதல் 50, 100 மைலில் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கவேண்டும். சோயா (cholla) என்ற கள்ளியின் முள் ஏறினால் கையால் பிடுங்கக் கூடாது, அதற்கு ஒரு பெரிய பல்லுச் சீப்பு முதலுதவிப் பெட்டியில் இருக்கிறது.

கடைசியாகக் காற்று. போகும் வழியில் டெஹாச்சாபி கணவாயும், பாம் ஸ்பிரிங்ஸுக்கு முன்னால் சான் கோர்கோனியோ கணவாயும் காற்றாலைகளுக்கென்றே பெயர்போனவை. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கலிஃபோர்னியாவில் வேக வரம்பு எப்படியும் 55 மைல்தான். ஆனால் பக்கக் காற்றுக்கு அந்த வேகம்கூட அதிகம். மணிக்கு 35 மைலுக்கு மேல் வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னால் கிளம்புவதில்லை என்று வைத்திருக்கிறோம். அரிசோனாவில் புழுதிப்புயல் வந்தால் சாலையை விட்டு முழுக்க இறங்கி, விளக்கையெல்லாம் அணைத்து, கை பிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிடவேண்டும். பின்னால் வருகிறவர் நம் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சாலை அங்கேதான் போகிறது என்று நினைத்து வந்து மோதக்கூடும். முன்பதிவு செய்த இடங்களுக்கு நடுவில் எல்லாம் இரண்டு நாள் இடைவெளி விட்டிருக்கிறேன். காற்று நிற்காவிட்டால் லா போசாவிலேயே இருந்துவிடலாம். 14 நாள் சீட்டு கையில் இருக்கும், தண்ணீர்க் குழாயும் பக்கத்தில்தான்.